மணமகற்றி

மேடைப் பேச்சாளனுக்கு வரக்கூடிய நோய்களில் தொண்டைக்கட்டு மிகச் சிறியது. பெரிய நோய் வேறொன்று உண்டு. தான் பேசியதைத் தானே நம்பிவிடுவது. கேட்டவர்கள் கைதட்டுவார்கள்; வேட்டியில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பேசியவன் மட்டும் வழியெல்லாம், "எத்துணை உண்மையான கருத்து" என்று தன்னையே வியந்துகொண்டு நடப்பான். பத்தொன்பதாம் வயதில் எனக்கு இந்த நோய் முற்றிய நிலையில் இருந்தது. அதன் பயனாக என் அக்காளின் திருமணத்தை நான் ஏறத்தாழ ஒழித்துக்கட்டிய வரலாற்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். (ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பயனில்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். என்னைவிடச் சுருக்கமாகவும் சொல்வார்கள்.)

எழுபதுகளின் தொடக்கம். கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயின்றுகொண்டிருந்தேன். பயின்றது குறைவு, பேசியது மிகுதி. சொற்போர்களில் நான் வென்ற கோப்பைகள் வீட்டில் வரிசையாக இருந்தன. சிறிய கோப்பையில் அம்மா புளி வைத்திருந்தாள். பெரிய கோப்பையில் அக்கா சரோஜா, தறிக்கு வேண்டிய நூல் சுற்றிய தார்களைப் போட்டு வைத்திருந்தாள். "உன் பேச்சுல உருப்படியா வந்தது இந்த டப்பாங்கதான்டா" என்பாள். பொறாமை என்று நான் எண்ணிக்கொள்வேன்.

அந்த ஆண்டு நடந்த சொற்போரின் தலைப்பு, "உழவுக்கு வேண்டியது நிலமா, அறிவா?" என்பது. நான் அறிவின் பக்கம். (என் பக்கம் அறிவு இருந்ததா என்பது வேறு கேள்வி.) முடிவுரையில் குரலை ஏற்றி, கையை உயர்த்தி, இவ்வாறு முழங்கினேன்:

"நிலம் வேண்டாம். மழை வேண்டாம். கதிரவனும் வேண்டாம். எங்கள் வீட்டுச் சாமான் அறையின் இருட்டிலே ஒரு ரோசாச் செடியை நான் மலரவைப்பேன்."

மண்டபம் அதிர்ந்தது. அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வெளியேறும்வரை அப்படியொரு திட்டம் எனக்கே தெரியாது.

எதிரணியில் தனகோட்டி. ஓரிக்கையில் நிலம் உழுகிற குடும்பத்துப் பிள்ளை, வேதியியல் மாணவன். மேடையிலும் டீக்கடையில் நிற்பவனைப் போலவே பேசுவான். எழுந்தான்.

"தலைவர் அவர்களே, நண்பர் ஏகாம்பரம் நல்லா பேசினாரு. தை முடியறதுக்குள்ள அந்தப் பூவு பூக்கட்டும், நானே வந்து பாக்கறேன். பூத்துட்டா ஒரு வருஷத்துக்கு நான் மேடை ஏறல. ரூமுக்குள்ள பூக்கலன்னா அவரு ஏறக் கூடாது. அவ்ளோதாங்க."

உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு விழுந்த கைதட்டல் எனக்கு விழுந்ததைவிடப் பெரிது. சுருக்கமாகப் பேசிய நன்றிக்காகத் தட்டினார்கள் என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் வீடு நெசவாளர் தெருவின் வரிசை வீடுகளில் ஒன்று. நுழைந்ததும் கூடம், அதில் அப்பாவின் தறி. கூடத்தை ஒட்டிச் சாமான் அறை. அந்த அறைக்கு வெளிச்சுவர் கிடையாது. இருந்த ஒரே சன்னலும் கூடத்தைப் பார்த்துத்தான் திறக்கும். என் சூளுரைக்கு இதைவிடப் பொருத்தமான இருட்டு காஞ்சிபுரத்தில் வேறெங்கும் இல்லை.

மண்ணெண்ணெய் டின்னில் மண்ணிட்டுச் செடியை நட்டேன். மேலே மூன்று நூறு வாட் பல்புகள். வெளிச்சம் சிதறாதிருக்கச் சுவரெங்கும் சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளை ஒட்டினேன். (தாள் திரட்ட டீக்கடை டீக்கடையாகக் குனிந்து அலைந்ததில், உங்கள் பிள்ளை சிகரெட் பிடிக்கிறான் என்று அப்பாவிடம் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். பிறர் குடித்துப் போட்ட துண்டைப் பொறுக்குகிறான் என்று ஐந்தாமவர் சொன்னார்.) உரத்துக்குக் கடலைப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் ஒரு பானையில் ஊறப்போட்டு, பானையை அறைக்குள்ளேயே வைத்தேன்.

செடி தழைத்தது. தை பாதி கடந்தபோது ஒரு மொட்டும் விட்டது. பானையும் தன் பங்குக்குத் தழைத்தது. ஏழாம் நாள் அது பேசத் தொடங்கியது. என்னைப் போலவே, ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசைவரை எட்டக்கூடிய ஆற்றல் அதற்கு இருந்தது.

"ஏகா, ரூம்ல எலி எதுனா செத்துக் கெடக்குதா பாருடா" என்றாள் அம்மா.

"அம்மா, அது சாவு அன்று. ஊட்டம்."

"ஊட்டமோ இன்னாவோ, சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது."

அப்பா தறியை விட்டு எழாமலே பேசினார். "பட்டு எல்லா வாடையையும் இழுத்து வச்சிக்கும்பா. இது முகூர்த்தப் பொடவை. மணமேடையில பிரிக்கறப்போ புண்ணாக்கு வாடை வந்துச்சுன்னா பொண்ணு பக்கத்துல எவன் உக்காருவான்?"

இதற்கெல்லாம் நான் அசையவில்லை. அசைத்தவள் அக்கா.

அவளுக்கு இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது. அதற்குமுன் இரண்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வீட்டாருக்கு அவள் உயரம் கூடுதலாகத் தெரிந்தது. மற்றவருக்கு அவள் சிரிப்பொலி கூடுதலாகக் கேட்டது. மூன்றாவதாக உத்திரமேரூரிலிருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை வருவதாக இருந்தது. முந்திய இரண்டு பேரின் புகைப்படங்களும் அலமாரி மேல் கிடந்தன. இவருடைய புகைப்படம் மட்டும், நான் பரிசாகப் பெற்ற அகராதிக்குள், 'மா' வரிசைப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப்போய் நான் அதைக் கண்டேன். அக்காளிடம் கேட்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அப்போது கூடத்தில் உட்கார்ந்து அட்டை கோத்துக்கொண்டிருந்தாள். சேலைக் கரையில் அன்னமும் மயிலும் விழுவதற்காகத் தறியின் மேல் ஓடும் துளையிட்ட நீள அட்டைகள் அவை. ஒன்றோடொன்று நூலால் கோத்துச் சங்கிலிபோல் தொங்கவிடுவார்கள். எங்கள் தெருவில் அவளைவிட விரைவாகக் கோப்பவரும் பிரிப்பவரும் இல்லை.

"ஏகா, உன்னாண்ட ஒன்னே ஒன்னு கேக்கறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள இந்த நாத்தம் போவணும். இல்லன்னா செடியைத் தூக்கி வெளிய வை."

"வெளியே வைத்தால் நான் தோற்றவன் ஆவேன், அக்கா. சனிக்கிழமை தனகோட்டி வருகிறான்."

"உள்ள வச்சா நான் தோத்துடுவேன்டா." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவரு எங்க வேலை செய்யறாருன்னு தெரியுமா உனக்கு? அவரு வந்து..."

"பணியிடம் எதுவாயினும் ஆகுக" என்று தொடங்கி, உழைப்பின் உயர்வு பற்றிக் கால் மணிநேரம் பேசினேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது அவள் பதினேழு அட்டை கோத்திருந்தாள்.

மறுநாள் கல்லூரியில் தனகோட்டியே என்னருகில் வந்து மூக்கைச் சுளித்தான்.

"இன்னாபா ஏகா, புண்ணாக்கு மண்டியில படுத்து எழுந்துக்கினு வர்றியா?"

நிலைமையைச் சொன்னேன். எதிரணிக்காரன் என்றாலும் நல்லவன். சற்று யோசித்தான்.

"கரி வாடையை இழுத்துக்கும்பா. அடுப்புக்கரியே போதும். காத்தை அதுக்குள்ள வுட்டு எடுத்தா அந்தப் பக்கம் வாடை இருக்காது. ஆனா பாரு..."

அவன் அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் பேசினான். எனக்கு நினைவில்லை. எதிரணிப் பேச்சாளரின் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் கேட்டுவிட்டு, மீதி நேரத்தில் நம் மறுமொழியைச் செதுக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மேடையில் நான் கற்ற பயிற்சி. (அவன் சொன்னது என்னவென்று பின்னாளில் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். "ஆனா பாரு, கரியைத் தொவரம்பருப்பு அளவுக்குத் தட்டணும். பொடியாக்கக் கூடாது. நாலு தண்ணி அலசிக் காயவை. ரெண்டு பக்கமும் துணி கட்டு. இல்லன்னா வூடே கருத்துப்போவும்.")

பொடியாக்கினேன். அதற்கு எனக்குச் சான்று இருந்தது. முழு மிளகாயைவிட மிளகாய்த்தூளுக்குக் காரம் மிகுதி. எனவே முழுக் கரியைவிடக் கரித்தூளுக்கு வீரியம் மிகுதி. இந்த வாதத்தை மறுத்துப் பேச அப்போது கொல்லையில் எவரும் இல்லை. கொட்டாங்கச்சிக் கரியை இரும்பு உரலில் இட்டு, முகத்துக்குப் பூசும் மாவைப்போல் நயமாக இடித்துச் சலித்தேன். துணி கட்டவில்லை. கட்டினால் காற்றின் உரிமை பறிபோகும் அல்லவா.

கருவிக்கு ஒரு மின்விசிறியும் ஒரு குழாயும் வேண்டியிருந்தன. இரண்டையும் கடனாகத் தரக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். கடைத்தெருவில் மைக் செட் வைத்திருந்த ஜபார் பாய்.

"பாய், ஒரு டேபிள் ஃபேன் வேண்டும். ஒரு ஹார்னும் வேண்டும்."

"ஹார்ன் எதுக்கு தம்பி? நீ சும்மா பேசினாலே வாலாஜாபாத் வரைக்கும் கேக்குதே."

"பேசுவதற்கு அன்று, பாய். காற்று வருவதற்கு."

"ரெண்டும் ஒன்னுதானே. எடுத்துக்கினு போ."

வனஸ்பதி டின் ஒன்றின் இரு முகங்களிலும் ஆணியால் துளையிட்டு, உள்ளே கரித்தூளைத் திணித்தேன். டின்னுக்குப் பின்னால் விசிறி, முன்னால் ஹார்ன். மூன்றையும் அட்டையாலும் கோந்தாலும் காற்றுப் புகாமல் இணைத்தேன். அறையின் கெட்ட காற்றை விசிறி தள்ளும். கரி அதைத் தூய்மை செய்யும். தூய காற்று ஹார்ன் வழியாகக் கூடத்துக்கு வரும். ஆகவே ஹார்னின் அகன்ற வாய் சன்னல் வழியே கூடத்தைப் பார்த்து நின்றது. உரையாற்றக் காத்திருக்கும் தோரணை அதற்கு இருந்தது.

புதன்கிழமை மாலை சோதனை. அன்று எங்கள் தெருவுக்கு வழக்கமான மின்சாரம் வந்தது. அதாவது, பல்பைத் தேட இன்னொரு விளக்கு வேண்டும். விசிறியின் இறக்கைகளை நின்று எண்ணலாம்போல் அது நிதானமாகச் சுற்றியது. அரை மணியில் வாடை குறைந்தது. உண்மையாகவே குறைந்தது. அம்மா அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். அக்கா ஹார்னின் முன்னால் முகத்தைக் காட்டி மோந்து பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றாள். என் வாழ்நாளில் அவள் வாயிலிருந்து நான் பெற்ற முதல் கோப்பை அது.

வெற்றி கண்ட கருவிக்குப் பெயரிடாமல் இருக்க முடியுமா?

'நாற்றம் நீக்கி' என்று வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இராது. ஆனால் நாற்றம் என்ற சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையே குறித்தது என்று பேசித்தான், அக்கா தார் போட்டு வைத்திருக்கும் அந்தப் பெரிய கோப்பையை நான் வென்றிருந்தேன். வென்ற கட்சியை விட்டுவிட்டு நாற்றம் என்று எழுத என் மானம் இடம் தரவில்லை. 'துர்' என்று வடமொழி முன்னொட்டுச் சேர்க்கவும் மனம் வரவில்லை. ஆகவே தீய மணத்தை அகற்றுவது, 'தீமணமகற்றி'. துளை போடாத ஏழு புது அட்டைகளை எடுத்து, அட்டைக்கு ஓர் எழுத்தாகச் சிவப்பு மையில் எழுதினேன். அக்காளைக் கொண்டே கோத்து ஹார்னுக்கு அடியில் தொங்கவிட்டேன். தீ, ம, ண, ம, க, ற், றி.

வெள்ளிக்கிழமை காலை அப்பா அதைப் பார்த்தார்.

"ஏம்பா, பட்டு இருக்கிற வூட்ல தீன்னு எழுதி மாட்டுவாங்களா? அத மொதல்ல எடு."

நியாயமான வேண்டுகோள். முதல் அட்டையை மட்டும் நூல் பிரித்து எடுத்துவிட்டேன். மீதி ஆறு எழுத்து அழகாகத் தொங்கியது. நான் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. தன் எழுத்தைத் தானே படிப்பது எழுத்தாளன் வேலை, நான் பேச்சாளன்.

மாலை நான்கு மணிக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். தாய்மாமனுக்குக் கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீடுவரை வழியிலிருந்த பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே வந்ததாக அவரே சொன்னார். அப்பா தறியைப் பழைய வேட்டியால் மூடியிருந்தார். அம்மா கேசரியும் பஜ்ஜியும் தட்டுகளில் வைத்தாள். அக்கா உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கே மின்சாரம் போயிருந்தது. விசிறி நின்றுவிட்டது. அதன் சுவிட்சு போட்டபடியே இருந்தது. இந்த இரண்டு செய்திகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நான் வைத்துக்கொள்ளவில்லை.

"பொண்ணு பாக்கறதுக்கே மைக் செட் போட்டுட்டீங்களே" என்றார் தாய்மாமன், ஹார்னைப் பார்த்து. எல்லோரும் சிரித்தோம். காற்றோட்டம் நின்றிருந்ததால், பானை மெல்லத் தன் உரையைத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள்.

"இது இன்னா வாடை? அப்படியே எங்க..."

அவளை முடிக்க விடவில்லை. துள்ளி எழுந்தேன்.

"பெருமதிப்பிற்குரிய பெரியோர்களே. கவலை வேண்டாம். அதற்கென்றே இக்கருவி."

கையால் சுட்டினேன். தாய்மாமனின் பார்வை என் விரலைப் பின்பற்றிப் போய் ஹார்னுக்கு அடியில் நின்றது. பழக்கம் அவரை விடவில்லை.

"ம, ண, ம... மணமகற்றி." மீண்டும் ஒருமுறை, மெதுவாக. "மணம் அகற்றி. கல்யாணத்த இல்லாம பண்றதா? இன்னாபா இது?"

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன், "ஐயோ, வாடையைச் சொன்னேங்க" என்று ஐந்து நொடியில் முடித்திருப்பான். எனக்குத்தான் மேடை கிடைத்துவிட்டதே.

"ஐயா சரியாகக் கேட்டார்கள். இந்த இல்லத்தில் மணம் என்ற ஒன்று தலைகாட்டவே கூடாது என்ற உறுதியோடு, உணவும் ஓய்வும் மறந்து இதை நான் சமைத்தேன். எத்தனை முறை மணம் வந்தாலும் அத்தனை முறையும் இது விரட்டியடிக்கும். முன்னரே சோதித்தாயிற்று, முழு வெற்றி."

தாய்மாமன் தம் தமக்கையின் பக்கம் சாய்ந்தார். "இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் வந்து தட்டிப்போச்சுன்னாங்களே. இதனாலதானா?"

அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். கூட்டம் ஒன்றிவிட்டதால் அமைப்பாளர் நேரத்தை நீட்டிக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"இன்று உங்கள் கண்முன்னாலேயே அது நிகழும்" என்று குரலை உச்சத்துக்கு ஏற்றி, வலக்கையை ஹார்னை நோக்கி நீட்டி, "இதோ" என்றேன்.

மின்சாரம் வந்தது.

எங்கள் தெரு அதுவரை கண்டிராத முழு மின்சாரம். விசிறி ஒரு முறை உறுமியது. ஹார்ன் தன் கன்னிப் பேச்சை ஒரே மூச்சில் நிகழ்த்தி முடித்தது. சலித்து வைத்த நயமான கரித்தூள் முழுவதும் ஒரு கரிய யானையைப்போலக் கூடத்துக்குள் நுழைந்து, எல்லோர்மீதும் சமமாக உட்கார்ந்தது. கேசரி எள்ளுருண்டை ஆயிற்று. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை வக்கீல் கோட்டாயிற்று. தாய்மாமனின் நரைத்த மீசை முப்பது ஆண்டு இளமை பெற்றது. அப்பா மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, சம்பந்தியையும் பார்க்கவில்லை. பாய்ந்து தறியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். நான் மட்டும் நீட்டிய கையை இறக்காமல் நின்றேன். முடிவுரை இன்னும் பாக்கி இருந்தது.

அம்மா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். குரல் உயரவில்லை. அதுதான் அச்சமாக இருந்தது. "எழுந்திருப்பா, போவலாம். வேணாம்னு சொல்றவங்க வாயால சொல்லலாம். போர்டு எழுதி மாட்டிக்கிறாங்க."

சமையலறை வாசலில் அக்கா காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள்மேல் மட்டும் ஒரு துளி கரிகூட விழவில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் பக்கமே பார்க்கவில்லை. அகராதிக்குள் இருந்த புகைப்படம் அப்போது என் நினைவுக்கு வந்தது. நீட்டியிருந்த கையை இறக்கினேன்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கரிய முகத்தில் இரண்டு வெள்ளை வட்டங்கள். டின் காலியாகிவிட்டதால் இப்போது பானையின் வாடைக்குத் தடையே இல்லை. அவர் ஆழமாக ஒருமுறை மூச்சை இழுத்தார்.

"கடலப் புண்ணாக்குதானே?" என்றார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் சொல். "வேப்பம் புண்ணாக்கும் கலந்துக்கிறீங்க. ஊறி பத்து நாளாச்சு. தெளிஞ்ச தண்ணிய மட்டும் ஊத்துங்க, இவ்ளோ வாடை வராது."

எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"இவன் உர டிப்போவுலதானே வேலை செய்யறான்" என்றார் தாய்மாமன், முகத்தைத் துண்டால் துடைத்து மேலும் கறுப்பாக்கிக்கொண்டு.

"அதத்தான் நான் கேக்க வந்தேன்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "அப்படியே எங்க வூட்டு வாடையா இருக்குதேன்னு. இவன் சட்டையெல்லாம் தனியாத்தான் தோய்க்கணும். அதுக்குள்ள அந்தத் தம்பி எழுந்துட்டாரு."

"அன்னிக்கே சொல்ல வந்தேன்டா" என்றாள் அக்கா, எங்கோ பார்த்தபடி.

ஆக, நான் அகற்ற முனைந்த வாடை அந்த வீட்டாருக்குத் தங்கள் வீட்டு வாடை. கருவியே தேவைப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் மாப்பிள்ளையின் அம்மா உட்காரவில்லை.

"வாடை பரவால்லம்மா. கரியும் கழுவினா போய்டும். அந்தப் பேருதான் மனசுக்கு ஒப்பல. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல அப்படி ஒரு சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். மணம் என்பது ஒருபொருட் சொல் அன்று என்று விளக்க நினைத்தேன். அம்மா ஒரு பஜ்ஜியை எடுத்து என் வாயில் வைத்தாள். கரி பஜ்ஜி.

அக்கா காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். நேரே சன்னலுக்குப் போனாள். 'றி' அட்டையின் நூலை ஒரு சுண்டில் பிரித்து எடுத்தாள். 'ற்' அட்டையைக் கழற்றி, வெற்றுப் பின்புறத்தை முன்னால் திருப்பினாள். ஹார்னின் விளிம்பில் விரலைத் தேய்த்து, அந்தக் கரியாலேயே ஓர் எழுத்தை எழுதி, மறுபடியும் கோத்தாள். மூச்சுவிடும் நேரம்தான். விலகி நின்றாள்.

யாரும் கேட்காமலே தாய்மாமன் படித்தார். "ம, ண, ம, க, ள். மணமகள்."

மாப்பிள்ளை அட்டையைப் பார்த்தார். பிறகு அக்காளைப் பார்த்தார்.

"இந்த எழுத்து நல்லா இருக்குது" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். ஒரு வீட்டார் கூடுதல் என்று சொல்லிப்போன அதே சிரிப்பு, கொஞ்சமும் குறைக்காமல். அந்தக் கரி முகத்தில் பற்கள் தெரிய மாப்பிள்ளையும் சிரித்தார். அவருடைய அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள்.

"மூஞ்சி கழுவ தண்ணி எங்கம்மா இருக்குது?" என்று அக்காளிடம் கேட்டாள்.

போகிறவர்கள் தண்ணீர் கேட்பதில்லை. தறிமேல் படுத்திருந்த அப்பா அப்போதுதான் எழுந்தார்.

புறப்படும்முன் மாப்பிள்ளை சாமான் அறைக்குள் எட்டிப்பார்த்தார். மூன்று பல்புகளையும் வெள்ளித்தாளையும் நடுவே நின்ற செடியையும் கண்டார். "இத வெளிய வைக்கலாமா? பாவம், ஜுரத்துல கெடக்கிற மாதிரி இருக்குது" என்று டின்னோடு தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அது பூத்தது. கொல்லையில், நல்ல வெயிலில். தனகோட்டி வந்து பூவைப் பார்த்தான். கூடத்துச் சுவரைப் பார்த்தான். காதோரம் இன்னும் கரி ஒட்டியிருந்த என்னையும் பார்த்தான்.

"பூத்துக்கிது, ஒத்துக்கறேன். எங்க பூத்துச்சுன்னு நீயே சொல்லு."

"வெளியே. நான் தோற்றேன்" என்றேன். என் வாழ்விலேயே சுருக்கமான உரை. அவன் ஒருவன்தான் கேட்டான். அவனும் கைதட்டவில்லை, தோளில் தட்டினான். ஓராண்டு நான் மேடை ஏறவில்லை. ஜபார் பாய் அந்த ஹார்னை மூன்றுமுறை கழுவினார். அதன் பிறகும் தட்டினால் கரி கொட்டியது. "தம்பி பேசினது இன்னும் உள்ளயே நிக்குது" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தெரு முழுக்கச் செய்தி பரவியது அப்படித்தான்.

வைகாசியில் திருமணம். பந்தல் வாசலில் அந்த ஐந்து அட்டைகளும் தொங்கின. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிப்போய் மாட்டினார்கள். கழற்றிய 'றி' அட்டையை அக்கா என் அகராதிக்குள் வைத்துவிட்டுப் போனாள், 'மா' வரிசைப் பக்கத்தில்.

எங்கள் குடும்பத்தில் அன்றுமுதல் ஒரு வழக்கு உண்டு. சாப்பாட்டு இலையிலோ சாவு வீட்டிலோ, நான் மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்கினால் யாராவது ஒருவர், "கரன்ட் வந்துடுச்சு" என்பார். அக்காளின் பேரப் பிள்ளைகளுக்கு இதன் பின்கதை தெரியாத வயதிலேயே இந்த வாக்கியம் தெரியும். என் மனைவி திருமணமான இரண்டாம் வாரம் கற்றுக்கொண்டாள்.

சென்ற ஆண்டு அக்காளின் பேத்திக்கு நிச்சயதார்த்தம். மூத்தவர் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியை என்னிடம் தந்தார்கள். தந்தவர் புதுச் சம்பந்தி, வரலாறு அறியாதவர். நான் எழுந்து, தொண்டையைச் செருமி, "பெருமதிப்பிற்குரிய பெரியோர்களே" என்றேன்.

முதல் வரிசையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கிவிட்டாலும் எங்கள் வீட்டுக்கு இன்றும் அவர் மாப்பிள்ளைதான். அவர் மெதுவாகத் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அவர் பக்கத்திலிருந்து அக்காளின் சிரிப்பு கிளம்பியது. மண்டபத்தின் கடைசி வரிசைவரை எட்டியது. நான் உட்கார்ந்துவிட்டேன்.